விறகுக்கு ஒரு மலை
அடுப்பும் மலையும் – 11

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று கிழக்கே ஏறும் சாலை, பாம்பாடும் சோலையைக் கடந்து வட்டவடையில் இறங்குகிறது. சரிவெங்கும் படிப்படியாகப் பாத்திகள். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. இடுக்கி மாவட்டம்தான், ஆனால் ஊர்ப் பேச்சு தமிழ். பாத்திகளுக்கு மேலே வெளுத்த அடிமரங்கள் நெடுநெடுவென்று வரிசை கட்டி நிற்கின்றன. நீலகிரியில் கற்பூர மரம், சமவெளியில் தைலமரம். வட்டவடையில் அதற்குப் பெயர் கிராண்டிஸ். யூகலிப்டஸ் கிராண்டிஸ் என்ற தாவரவியல் பெயரின் பின்பாதி, ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்தத் தோப்புக்குள் பத்தடி நடந்தால் போதும். காலடியில் சருகு மொடமொடக்கும். உரிந்த பட்டைகள் நாடா நாடாவாகத் தொங்கும். தைல வாசனை மூக்கில் ஏறும். சருகை விலக்கிப் பார்த்தால் புல் அரிது. பக்கத்துச் சோலையில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். இங்கே தூசி ஒட்டுகிறது.

இந்த மரம் மலைக்கு வந்த கதை தேயிலை அடுப்பில் தொடங்குகிறது. பறித்த தேயிலையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சை இலை காய்ந்துதான் ஒரு கிலோ தேயிலைத் தூள் ஆகிறது. வாட்டவும் உலர்த்தவும் சூடான காற்று வேண்டும். அந்தச் சூட்டுக்கு, ஆலைக்கு ஆலை மாறினாலும், ஒரு கிலோ தூளுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலையில் வெயிலை நம்பி ஆலை நடத்த முடியாது.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்றார். தேயிலை பரவப் பரவ, விறகுக்கென்றே மரம் வளர்க்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-லேயே நீலகிரிக்கு வந்துவிட்ட யூகலிப்டஸ் கைக்கு வாகாக இருந்தது. சடசடவென்று வளரும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், மாடு தின்னாது.

எவ்வளவு நிலம்? 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலையை மீட்டது. 1974-ல் நில வாரியம், அங்கே தேயிலை வளர்த்த நிறுவனத்துக்கு எவ்வளவு விடலாம் என்று பிரித்துக் கொடுத்தது. தேயிலைக்கு 23,000 ஏக்கருக்கு மேல். விறகு மரத்துக்கு ஏறத்தாழ 17,000 ஏக்கர். இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்று ஏக்கர் தேயிலை காய, இரண்டு ஏக்கருக்கு மேல் விறகுக்காடு! மூணாறில் படமெடுத்துக்கொள்ளும் பயணிகள் ரசிக்கும் அந்தப் பச்சைக் கம்பளத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மலை அடுப்புக்காகவே நிற்கிறது. அதே மீட்பில் அரசுக்குக் கிடைத்த நிலத்தில் ஒரு பகுதிதான் இன்று வரையாடு மேயும் இரவிகுளம் தேசியப் பூங்கா. புல்வெளியும் சோலையும் கலந்த மலை எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி.

வட்டவடை விவசாயிகளைக் குறை சொல்வது நியாயமில்லை. காட்டெருமையும் பன்றியும் பாத்தியை அழித்துவிட்டுப் போகும்போது, நீர் பாய்ச்சவோ காவல் இருக்கவோ தேவையில்லாத பயிர் என்று கிராண்டிஸை நட்டார்கள். வெட்டும் ஆண்டில் கையில் மொத்தமாகப் பணம் கிடைக்கும். ஓடை மெலிந்தபோதுதான் விலை புரிந்தது.

அந்த விலையை அளந்து பார்த்தவர்கள் உண்டு. உதகையின் மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது. மற்றொன்றில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் நட்டது. மரம் முதல் முறை வளர்ந்து வெட்டப்படும் வரையான பத்து ஆண்டுகளில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து இரண்டாம் முறை துளிர்த்து வளர்ந்தபோது 25 சதவீதம்.

வட்டவடை, காந்தளூர் ஓடைகள் பாம்பாற்றில் சேருகின்றன. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் பாம்பாறும் ஒன்று. சின்னாற்றோடு கலந்து அது அமராவதி ஆகிறது. அதாவது கிராண்டிஸ் குடிக்கும் தண்ணீர் உடுமலைப்பேட்டை, தாராபுரம், கரூர் வயல்களுக்கு வர வேண்டிய தண்ணீர்.

மரம் எரிந்தால் வரும் கரியமில வாயுவை அடுத்து வளரும் மரம் உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே விறகு தூய எரிபொருள் என்கிறது கார்பன் கணக்கு. அந்தக் கணக்கில் ஓடைக்குக் கட்டமே கிடையாது. இது பெரிய ஓட்டை.

இதே மலையின் மழைமறைவுப் பக்கத்தில் மறையூர். அங்கே கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம். கொப்பரைக்குக் கீழே எரிவது சாறு பிழிந்த சக்கை. கொட்டகைக்கு வெளியே வெயிலில் பரப்பி, காய்ந்ததும் அள்ளி அடுப்பு வாயில் தள்ளுகிறார்கள். கரும்புக்கும் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் அடுப்புக்கென்று தனியாக ஒரு ஏக்கர்கூடக் கேட்கவில்லை.

எரிபொருளா, தண்ணீரா என்ற கேள்வி வடக்கே பாலக்காட்டில் வேறு உருவில் வந்தது. 2025 ஜனவரியில் எலப்புள்ளியில் எத்தனால், மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இந்தியாவின் வேகம் அதன் பின்னணி. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். உடைந்த அரிசிதானே என்று சொல்லலாம், அதுவும் வயலில் தண்ணீர் குடித்து விளைந்ததே. நிலத்தடி நீருக்காகப் போராடி 2004-ல் குளிர்பான ஆலையின் உற்பத்தியை நிறுத்திய பிளாச்சிமடையும் இதே பாலக்காட்டில்தான் இருக்கிறது. எலப்புள்ளி மக்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை.

மறுபடி மரத்துக்கு வருவோம். 2021-ல் கேரள அரசு, காட்டுக்குள் நட்ட யூகலிப்டஸ், சீகை மரங்களைப் படிப்படியாக அகற்றி இயற்கைக் காட்டை மீட்பது என்று கொள்கை அறிவித்தது. 2024-ல் வன வளர்ச்சிக் கழகம் மீண்டும் யூகலிப்டஸ் நட அனுமதிக்கும் உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திருத்தப்பட்டது.

வட்டவடையில் வெட்டிய இடங்களைப் பார்த்தால் அகற்றும் வேலையின் பாரம் தெரியும். முழங்கால் உயரக் கட்டைகள். வெட்டு வாயைச் சுற்றி ஒவ்வொன்றிலும் விரல் தடிமனில் நாலைந்து துளிர்கள். அவற்றை ஒடித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடி கிளம்பும். வேரோடு பெயர்க்க ஆளும் கூலியும் வேண்டும். விட்டுவிட்டால், கிளன்மார்கனில் 25 சதவீதத்தைக் குடித்த அதே இரண்டாம் வளர்ச்சி.

(தொடரும்)