மென்பொருள் பணியும் முதல் தொலைபேசி உரையாடலும்

மென்பொருள் நிறுவனங்களில் பொறியாளர் தேர்வு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்புடன் தொடங்குகிறது. ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்கள் வரை நீடிக்கும் இவ்வுரையாடலை நடத்துபவர் பொதுவாகப் பொறியாளர் அல்லர். ஆள்சேர்ப்பு அலுவலரே ஆவார். விண்ணப்பதாரர் அப்பணிக்குப் பொருந்துவாரா என்பதையே அவர் அறிய முற்படுகிறார். தொழில்நுட்ப அறிவின் ஆழம் பின்னர் நடைபெறும் நேர்முகத் தேர்வுகளில் சோதிக்கப்படும்.

ஆகவே, தாம் ஆற்றிய பணியைத் துறைச் சொற்களைக் குறைத்து, இரண்டு நிமிடங்களில் விளக்கப் பழகுதல் இன்றியமையாதது. இன்ன கணினி மொழி தெரியும் என்பதைவிட, அதைக் கொண்டு எச்சிக்கலைத் தீர்த்தார் என்பதே மதிப்புப் பெறும். விரும்பும் ஊதியம், பணிபுரிய இசையும் ஊர் ஆகியவற்றையும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். பல நிறுவனங்களில் பணி விலகல் முன்னறிவிப்புக் காலம் 90 நாட்கள் வரை நீள்கிறது. இதனை மறைத்தால் பின்னர் நியமனமே தடைபடக்கூடும்.

அழைப்பவரை ஆராய்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. தாய்லாந்தில் வேலை என நம்பவைத்து, தகவல் தொழில்நுட்பத் திறன் பெற்ற இளைஞர்களைச் சட்டவிரோதமாக மியான்மருக்குக் கொண்டுசெல்வது குறித்து 2022-ஆம் ஆண்டில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. வேலைக்கென முன்பணம் கோரும் அழைப்பு ஐயத்திற்குரியது. இணையவழி மோசடியில் பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணில் முறையிடுதல் வேண்டும்.