அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகள்

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை இரைப்பையின் கொள்ளளவையும், சில முறைகளில் சிறுகுடலின் பாதையையும் நிரந்தரமாக மாற்றிவிடுவதால், அதைச் செய்துகொண்டவருக்கு ஆயுள் முழுதும் மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் ஆகிய ஊர்களின் தமிழர்கள் இச்சிகிச்சையை எந்த நகரத்தில் செய்துகொண்டாலும், அதற்குப் பின்வரும் இருபது முப்பது ஆண்டுகளை அவர்கள் கழிக்கப்போவது தாங்கள் குடியிருக்கும் தாமானிலும் கம்பத்திலும்தான். உடம்புக்கு முடியாதபோது அவர்கள் முதலில் போய் நிற்பதும் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கின் வாசலில்தான். ஆகவே நீண்டகாலக் கண்காணிப்பும் அந்தக் கிளினிக்கிலேயே வேரூன்ற வேண்டும்.

இச்சிகிச்சை பேராக் தமிழருக்கு நெருங்கிய பொருளாகிவிட்டதற்கு அவர்களின் தொழில் வரலாறும் ஒரு காரணம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டதற்குப் பின் எழுந்த தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குச் சென்று, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்தே சீவி, பால் வாளிகளைத் தோளில் சுமந்த உழைப்பு பல தலைமுறைகளின் அன்றாடமாக இருந்தது. ரப்பர் செம்பனைக்கும், தோட்டமே வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டபோது, மக்கள் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் காவல் பணிக்கும் அலுவலகத்துக்கும் பெயர்ந்தனர்; உழைப்பு குறைந்த அளவுக்குத் தட்டிலிருந்த சோறும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் குறையவில்லை. தென்னாசியரின் உடலில் தசை குறைவாகவும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு மிகுதியாகவும் இருப்பதைப் புனே நகரின் மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் முதலானோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான உடல் நிறை எண் 30ஐ எட்டுமுன்னரே இவர்களில் பலருக்கு ‘இனிப்பு நீர்’ எனப்படும் நீரிழிவு வந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட, இந்தியரிடையே அவ்விகிதம் 31.4ஆக இருந்தது. பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆசியருக்கு அந்த எண் 27.5ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்கிறது.

இன்று பெரிதும் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஒன்றில் இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீக்கப்பட்டு, எஞ்சியது குறுகலான குழாயாக்கப்படுகிறது. மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதி சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. இது மாற்றுவழி அறுவை எனப்படும். இரண்டிலும் உணவு குறைவதோடு, பசியையும் இன்சுலினையும் ஆளும் குடல் இயக்குநீர்களும் மாறுவதால், பலருக்கு எடை கணிசமாகக் குறையுமுன்னரே இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது.

கண்காணிப்பு கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதை இத்துறை தன் தொடக்க காலத்திலேயே கற்றுக்கொண்டது. 1950களில் அமெரிக்காவில் அறிமுகமான ஒரு முறை, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவே தொடாதபடி விலக்கிவைத்தது. எடை வேகமாகக் குறைந்தது; ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்லக் கல்லீரல் செயலிழப்பும் சிறுநீரகக் கற்களும் வெளிப்பட, பலருக்கு மறு அறுவையால் குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது; அம்முறையும் கைவிடப்பட்டது. 1987இல் தொடங்கி நோயாளிகளை நீண்டகாலம் பின்தொடர்ந்த சுவீடன் ஆய்வு நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் சேர்த்தே தந்தது. அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைந்தது உண்மை. எனினும், நீரிழிவு இருந்தவர்களில் இரண்டாம் ஆண்டில் 72 விழுக்காட்டினர் அதிலிருந்து விடுபட்டிருக்க, பத்தாம் ஆண்டில் அந்நிலையில் இருந்தோர் 36 விழுக்காட்டினரே. சர்க்கரை இறங்கிவிட்டது என்று கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் ஆண்டுச் சோதனையை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இவ்விரு எண்களே போதும்.

சத்துக்குறைவு ஓசையின்றி வருவது. உணவிலிருந்து பி12 வைட்டமினைப் பிரித்து உடல் ஏற்க இரைப்பையின் அமிலமும் அது சுரக்கும் ஒரு புரதமும் தேவை என்பதால், அறுவைக்குப் பின் அந்த வைட்டமின் குறைகிறது. உடலின் சேமிப்பு தீர சில ஆண்டுகள் ஆவதால் குறையும் தாமதமாகவே தெரியவருகிறது. அதன் அறிகுறி, பாதம் மரத்துப்போதலும் எரிச்சலும். நீரிழிவு மிகுந்த சமூகத்தில் இதே அறிகுறியை நோயாளியும் மருத்துவரும் நீரிழிவின் நரம்புச் சேதம் என்றே எளிதில் முடிவுகட்டிவிடக்கூடும். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12ஐக் குறைப்பது சிக்கலைப் பெருக்குகிறது. சரிசெய்யத்தக்க ஒரு குறை, சரிசெய்ய இயலாத நரம்புச் சேதமாக முற்றுவதைத் தடுக்க ஓர் இரத்தச் சோதனை போதும் என்னும்போது, அது தவறிப்போவது வேதனைக்குரியது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் பயன் குறையும். இவற்றிடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எல்லாவற்றினும் அவசரமானது தயாமின் எனப்படும் பி1. இதன் சேமிப்பு சில வாரங்களே தாங்குவதால், தொடர் வாந்தியால் அவதிப்படுபவர் பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் நிலைக்கு விரைவில் தள்ளப்படலாம். அவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும் என்பதால், அவசரப் பிரிவில் முதலில் சொல்லவேண்டிய செய்தி, அறுவை நடந்திருக்கிறது என்பதே.

அதைச் சொல்லாமல் மறைப்பதால் வரும் கேடு வேறு இடங்களிலும் உண்டு. காலமெல்லாம் மரம் சீவியும் பாரம் தூக்கியும் தேய்ந்த மூட்டுகளுக்கு மருந்துக்கடையில் பொன்ஸ்தான், வோல்தாரன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்வது பழகிப்போன ஒன்று. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவருக்கோ இவை இரைப்பைப் பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். மதுவும் இரத்தத்தில் முன்னைவிட விரைவாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து குடிப்பழக்கம் சிலரிடம் நோயாக முற்றுவதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2012இல் காட்டியது. கள்ளுக்கடையும் பின்னர் மலிவான சம்சு சாராயமும் தோட்டக் குடும்பங்களைச் சிதைத்ததைக் கண்ட சமூகத்தில், ஒவ்வொரு ஆண்டுச் சந்திப்பிலும் மருத்துவர் குடிப்பழக்கத்தைக் கனிவோடு கேட்டறிவது கடமை.

எடை குறைந்ததும் பெண்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது; ஆனால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறாதிருப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. கர்ப்பிணிகளுக்கு இனிப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து நீரிழிவைக் கண்டறியும் வழக்கமான சோதனை, மாற்றுவழி அறுவை செய்தவருக்குப் பொருந்தாது. அந்தக் கரைசல் குடலுக்குள் சட்டென இறங்கி மயக்கம், படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தரக்கூடும் என்பதால், வீட்டிலேயே விரல் நுனி இரத்தத்தைச் சில நாட்கள் சோதித்துப் பார்க்கும் முறையைத் தாதியர் பின்பற்றலாம்.

விரதமும் இங்கே பேசப்பட வேண்டியது. ஈப்போ கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசக் காவடி எடுக்க, வாரக்கணக்கில் ஒரு வேளை மரக்கறி உணவோடு நோன்பிருப்போர் பலர். அறுவை செய்தவருக்குத் தசை கரையாதிருக்க நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சுருங்கிய இரைப்பையால் அதை ஒரே வேளையில் ஏற்க முடியாது. வெயிலில் நடக்கையில் தண்ணீரையும் மடமடவெனக் குடித்து ஈடுகட்ட இயலாது. பக்தியைக் கைவிடச் சொல்வது மருத்துவரின் வேலையன்று. டெம்பே, தௌஃபு, பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சோற்றுக்கு முன்னதாக, பல சிறு வேளைகளாகப் பிரித்து உண்ணும்படி நோன்பின் முறையை வீட்டாரோடு பேசி மாற்றியமைப்பதே பயன்தரும்.

இவ்வளவு தேவைகள் இருந்தும் நோயாளிகள் ஆண்டுச் சந்திப்புக்கு வராமல் போவதற்குத் தூரமும் செலவும் மட்டுமின்றி வெட்கமும் காரணமாகிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் அடிமட்டத்தைத் தொடும் எடை பின்னர் ஓரளவு ஏறுவது பெரும்பாலோர்க்கு நேர்வது. இழந்த கொழுப்பை மீட்க உடல் முயல்வதன் விளைவு அது. அதைத் தம் ஒழுக்கக்கேடாக எண்ணிக் கூசி ஒதுங்குவோர், சத்துக்குறைவுகள் தலைகாட்டும் அதே பருவத்தில் கண்காணிப்பிலிருந்து நழுவிவிடுகின்றனர். எடையைக் கண்டு கடிந்துகொள்ளும் ஒரு சொல், ஒருவரைப் பல ஆண்டுகள் கிளினிக் பக்கமே வராதபடி செய்துவிட முடியும்.

பிரிட்டனின் தேசிய வழிகாட்டி, முதல் இரண்டு ஆண்டுகள் அறுவைக் குழுவும், அதன்பின் ஆண்டுதோறும் குடும்ப மருத்துவரும் அக்குழுவும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையை வகுத்துள்ளது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரஸரைப் பார்த்துப் பழகிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கும் பேராக்கிற்கு இம்முறை நன்றாகவே பொருந்தும். அதற்கு, எந்த அறுவை, எந்த நாளில் நடந்தது, ஆண்டுதோறும் என்னென்ன சோதிக்க வேண்டும், ஐயம் எழுந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பவை எழுதப்பட்ட கடிதம் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். மாதந்தோறும் போடவேண்டிய 1000 மைக்ரோகிராம் பி12 ஊசியைச் சுங்கை சிப்புட்டின் தாதியே போட்டுவிடலாம். அதற்காக எவரும் கோலாலம்பூர்வரை 200 கிலோமீட்டருக்கும் மேலாகப் பயணம் செய்யத் தேவையில்லை. கிளினிக்கில் வைத்துப் பார்க்கக்கூடாததும் ஒன்றுண்டு: மாற்றுவழி அறுவை செய்தவருக்கு, எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும், திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால், குடல் உள்ளிடுக்கில் சிக்கி முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், வாயுத் தொல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பாமல், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற அறுவைப் பிரிவுள்ள இடத்துக்கு, அந்தக் கடிதத்தோடு, அன்றே அனுப்பிவிட வேண்டும்.