நாய்க்குட்டிக்கு வயித்தால போகுதா? காலையிலேயே கவனியுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகள் காலை ஏழு மணிக்குள் காலியாகிவிடும். ஷூ கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும், அம்மா ஏறிவிடுவார். அப்பா அதற்கு முன்பே தோல் ஷாப்புக்குப் போயிருப்பார். வீட்டில் பாட்டியும், பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையும், போன வாரம் அந்தப் பிள்ளை தெருவிலிருந்து தூக்கி வந்த நாய்க்குட்டியும்தான். குட்டி ராத்திரியில் ரெண்டு தடவை தண்ணியா கழிஞ்சிருக்கும். "சாயங்காலம் வந்து பாத்துக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள்.

சாயங்காலம் சில குட்டிகள் வாலாட்டிக்கொண்டு ஓடி வரும். சில குட்டிகள் தலையைத் தூக்காது. இது எந்த வகை என்பதைப் பெரும்பாலும் காலையிலேயே, ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஐந்து நிமிஷம் எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பெரிய நாய்க்கு ஒரு நாள் கழிச்சல் என்றால் அது தாங்கும். ரெண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. கழிச்சலில் தண்ணீரும் உப்புச்சத்தும் போகும். சாப்பிடாமல் இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். பல குட்டிகளைக் கொல்வது நோய்க்கிருமியை விட இந்த வறட்சிதான்.

முதலில் ஈறைப் பாருங்கள்

குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தால், வெளுத்திருந்தால், நிறம் திரும்ப நேரம் எடுத்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். (தெருக்குட்டி என்றால், யாரையாவது கடித்திருந்தால், வாயில் எச்சில் வழிந்தால், நடத்தை விசித்திரமாக இருந்தால் வாயில் கை வைக்கவே வேண்டாம். வெறிநோய் குட்டிக்கும் வரும்.)

அடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். எழுந்து வருகிறதா? பிடித்த சாப்பாட்டை மோந்து பார்க்கிறதா? அதற்கப்புறம் மலத்தைப் பாருங்கள். அருவருப்பாக இருக்கும், ஆனால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.

குட்டிக்கு ரெண்டு மாதத்துக்கு மேல் வயசு, ஓடி விளையாடுகிறது, சாப்பிடுகிறது, வாந்தி இல்லை, ரத்தம் இல்லை, மலம் மட்டும் இளகலாகப் போகிறது என்றால் ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடப்பது, உடம்பு ஜில்லென்று இருப்பது, வயிறு உப்பி வலிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். ரெண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும், ஒரு தடுப்பூசியும் போடாத குட்டிக்கும் இந்த ஒரு நாள் அவகாசம் கிடையாது.

ஏன் வருகிறது?

புதிதாக வந்த குட்டிக்குப் பெரும்பாலும் சாப்பாடு மாறியதே காரணம். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்கு எல்லாரும் முதலில் ஊற்றுவது பசும்பால். பல குட்டிகளுக்கு அதில் உள்ள சர்க்கரை ஜீரணமாகாது, அதுவே பேதியாகும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ம் ஆண்டு மத்திய விதிகள் சொல்கின்றன. கண் திறந்ததும் விற்க வருகிறவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

ரெண்டாவது, குடற்புழு. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்கு வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால் "வீட்டை விட்டு வெளியவே விடலையே, புழு எப்படி வரும்?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கும். ஈறு வெளுத்துப் போகும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. டேனரிக்கு வரும் பச்சைத் தோல் உப்புப் போட்டு வருகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்து முடி நீக்குகிறார்கள். பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிடுகிறார்கள். இந்த வேலைகளில் கழியும் சவ்வும் துண்டுத் தோலும், ஷூ வேலையில் மிஞ்சும் வெட்டுத் துண்டும், பசை டப்பாவும் எங்கே கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். குட்டிக்குத் தோல் வாசனை விருந்து மாதிரி. உப்புத் தோலை நக்கித் தின்ற குட்டி வாந்தி எடுக்கும், தண்ணீருக்குத் தவிக்கும், அளவு மீறினால் வலிப்பு வரும். பதனிட்ட தோல் ஜீரணமே ஆகாது. குடலில் போய் அடைத்துக்கொள்ளும். அப்போது வாந்தி தொடர்ந்து வரும், மலம் வராது, அல்லது சொட்டுச் சொட்டாகத் தண்ணியாக மட்டும் வரும். பார்க்கிறவர்கள் பேதி என்று நினைத்துவிடுவார்கள். தோல் துண்டு தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே மாதிரி துண்டு ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பிரியாணியையும் சொல்லாமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மிச்சமான பிரியாணியைக் குட்டிக்கு வைப்பது ஆம்பூரில் அன்பின் அடையாளம். மசாலாவும் எண்ணெயும் வயிற்றைக் கலக்கும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்; தயிர் பச்சடியில் இருப்பதும் அதே வெங்காயம்தான். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நான்காவதுதான் எல்லாரும் பயப்படுவது: பார்வோ வைரஸ், நம் ஊர்ப் பேச்சில் ரத்தக் கழிச்சல். 1978-ல் உலகில் புதிதாக அடையாளம் காணப்பட்ட நோய் இது. சில வருஷங்களிலேயே இந்தியாவிலும் பதிவானது. முதலில் குட்டி மந்தமாகும், சாப்பிடாது, பிறகு வாந்தி, அப்புறம் கெட்ட நாற்றத்தோடு ரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒரு தடவை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அறிகுறி தெரிந்து ரெண்டு மூன்று நாளிலேயே குட்டி இறந்துவிடலாம். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து சாதாரணமாகக் கிடைப்பதில்லை. சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி சேராமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பே வைரஸை வெல்லும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் கொண்டு போன குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

வீட்டில் பார்க்கலாம் என்றால்

பாலை நிறுத்துங்கள். குழைய வேகவைத்த சாதம் ரெண்டு பங்கு, தோலும் எலும்பும் எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரேயடியாக வைக்காமல் நாலைந்து வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். "வயிறு காயட்டும்" என்று நாள் முழுக்கப் பட்டினி போடுவது பெரியவர்கள் சொல்லும் பழக்கம். குட்டிக்கு அது ஆகாது.

குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பாலாற்றுப் பக்கத்துப் பல ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பு; நாம் குடிக்காத தண்ணீரைக் குட்டிக்கு வைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு ஸ்பூன் நக்க வையுங்கள். குடிக்க மறுத்தால் வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். குடித்ததையும் வாந்தி எடுத்தால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது, கிளம்புங்கள்.

மருந்துக் கடையில் "பேதி நிக்க ஒரு மாத்திரை குடுங்க" என்று வாங்கி அரை மாத்திரை போடுவதுதான் மிக ஆபத்தானது. பேதியை நிறுத்தும் லோப்பரமைடு சில இன நாய்களுக்கு நஞ்சு. மற்றக் குட்டிகளுக்கும் கிருமியை வயிற்றுக்குள் அடைத்து வைக்கும். பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டம். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. எந்த அரசு கால்நடை மருந்தகம் அல்லது மருத்துவமனை பக்கமோ அங்கே போங்கள். அது எத்தனை மணிக்குத் திறக்கும், மூடும் என்பதைக் குட்டி நன்றாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாக மாடு, ஆடு வளர்ப்போருக்கானது. குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதால் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கொஞ்சம் மலத்தைப் புதிதாக ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். புழு முட்டை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். குட்டியைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஜில்லென்று துவண்டிருந்தால் போகும் வழியில் விரலில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு ஈறில் தடவலாம். ரத்தக் கழிச்சல் என்று சந்தேகம் இருந்தால் குட்டியை அங்கே தரையில் விடாதீர்கள். வாசலிலேயே "சார், குட்டிக்கு ரத்தமா போகுது" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் காத்திருப்பது இன்னொருவரின் குட்டி.

டாக்டர் கேட்பார்: வயசென்ன, எடை என்ன, எப்போதிலிருந்து, எத்தனை தடவை, என்ன சாப்பிட்டது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள், ஊசி போட்ட கார்டு எங்கே? பாட்டியை மட்டும் அனுப்புவதாக இருந்தால் இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். சலைன் ஒரு நாளில் முடியாது. நாலைந்து நாள் தினமும் போக வேண்டியிருக்கலாம். யார் போவது என்பதை முதல் நாளே வீட்டில் பேசிக்கொள்வது நல்லது. இரண்டாம் நாள் கொஞ்சம் தலை தூக்கியதும் நிறுத்திவிட்டு, நாலாம் நாள் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினால் காப்பாற்றுவது கஷ்டம்.

ஊசி ஒன்று போதாது

குடற்புழு நீக்க மருந்தை ரெண்டு வார வயசில் தொடங்கி, மூன்று மாதம் வரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை கொடுக்கிறார்கள். அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்துக் கடைத் தராசிலாவது எடை போட்டுச் சொல்லுங்கள்.

பார்வோவுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சே சார்" என்று பலரும் நின்றுவிடுவது இங்கேதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது. எந்த வாரம் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் திரும்பத் திரும்ப ஊசி. இந்தக் கூட்டு ஊசியை வெளியில் வாங்கி வரச் சொன்னால், ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டு வாருங்கள். வெயிலில் பைக் டேங்க் கவரில் வந்த ஊசியால் பயன் இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி தனி. மூன்று மாதத்தில் போடுவார்கள்.

தடுப்பூசியின் பலன் நமக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம், அந்தக் காலத்தில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்க்கு எதிராக மருந்து தயாரித்த இடம். அந்த நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

வீடும் பிள்ளைகளும்

பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். பினாயில் ஊற்றினால் வாசனை போகும், வைரஸ் போகாது. மலத்தை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஈரமாக விடுங்கள். ஆசிடோடும் பினாயிலோடும் அதைக் கலக்கக் கூடாது. குட்டி இறந்துவிட்டால், பிள்ளை அழுகிறது என்று அடுத்த வாரமே இன்னொன்றைத் தூக்கி வராதீர்கள். தடுப்பூசி முழுக்கப் போட்டு முடித்த நாயாக இருந்தால் வரலாம்.

பார்வோ மனிதருக்கு வராது. ஆனால் உருண்டைப்புழு வரும். அதன் முட்டை மண்ணில் ரெண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலையை அடையும். தினமும் மலத்தை அள்ளிவிட்டால் அந்த வழி அடைபடும். குட்டியோடு விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளை சாப்பிட உட்கார வேண்டும். குட்டி கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, சின்னக் காயம்தானே என்று விடாமல் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.