193 நாடுகள், 6 மொழிகள்!

நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூடியிருக்கிறது. ஒரு நாட்டின் பிரதிநிதி எழுந்து ரஷ்ய மொழியில் பேசுகிறார். கேட்பவர்கள் யாரும் விழிக்கவில்லை. அவர்கள் காதில் ஒரு கருவி மாட்டியிருக்கிறது. ஒரு குமிழைத் திருகினால் அதே பேச்சு ஆங்கிலத்தில் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் பிரெஞ்சில் கேட்கிறது.

மந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணாடி அறைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காதில் ஒரு மொழியை வாங்கிக்கொண்டே, வாயால் இன்னொரு மொழியில் சொல்கிறார்கள். மூளையைப் பிழிகிற வேலை! அதனால் சுமார் அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறிக்கொள்கிறார்கள்.

சபையில் 193 நாடுகள் இருக்கின்றன. சபையின் மொழிகளோ ஆறுதான். அவை எப்படி வந்தன?

வென்றவர்களின் மொழி

1945-ல், இரண்டாவது உலக யுத்தம் முடிந்த ஆண்டில், சபை பிறந்தது. யுத்தத்தில் வென்ற அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ரஷ்யா, சீனா, பிரான்சு ஆகிய ஐந்தும் முன்னால் நின்றன. ஆகவே ஆங்கிலம், ரஷ்யன், சீனம், பிரெஞ்சு நான்கும் இடம் பெற்றன. அன்றைய 51 உறுப்பு நாடுகளில் 18 நாடுகள் ஸ்பானிஷ் பேசுபவை. ஸ்பானிஷும் சேர்ந்தது. தோற்றுப்போன ஜெர்மனியின் மொழிக்கும் ஜப்பானின் மொழிக்கும் இடம் இல்லை.

வேறு மொழியில் பேசக் கூடாதா? பேசலாம். ஆனால் மொழிபெயர்ப்புக்குப் பேசுகிறவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். 1977-ல் இந்திய வெளிநாட்டு மந்திரி வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசினார்.

சபைக் கூட்டம் ஒரு பக்கம். தினசரி காரியாலய வேலைக்கு இத்தனை மொழி தாங்குமா? அதற்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் போதும் என்று 1946-லேயே முடிவாயிற்று. நடைமுறையில் ஆங்கிலத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது.

ஒரு சிறு சொல்

இரண்டு மொழியில் எழுதினாலே தகராறு வரும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு.

1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் யுத்தம் நடந்தது. இஸ்ரேல் நிறைய நிலத்தைப் பிடித்துக்கொண்டது. நவம்பர் 22-ந் தேதி பாதுகாப்பு சபை 242-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படை வெளியேற வேண்டும் என்றது தீர்மானம்.

எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா? ஆங்கில வாசகத்தில் 'பிரதேசங்கள்' என்பதற்கு முன்னால் 'தி' என்ற சிறு சொல் இல்லை. ஆகவே சிலவற்றை விட்டால் போதும் என்று இஸ்ரேல் தரப்பு பொருள் சொன்னது. பிரெஞ்சு வாசகமோ 'அந்தப் பிரதேசங்கள்' என்று பொருள்படும்படி இருக்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் விட வேண்டும் என்றது அரபுத் தரப்பு. ஜனங்களின் வீடும் வயலும் இருக்கும் நிலம் அது. வாதம் இன்றும் ஓயவில்லை.

இதில் ஒரு விசித்திரம். சண்டையிட்டவர்களின் மொழிகளான அரபும் எபிரேயமும் அன்று சபையின் மொழிகளாக இல்லை! அரபுக்கு 1973-ல்தான் இடம் கிடைத்தது. அதுவே ஆறாவது மொழி. முதல் மூன்று ஆண்டுச் செலவைத் தாங்களே கொடுப்பதாக அரபு நாடுகள் ஒப்புக்கொண்டன.