பாடியவர் பெருக்கினார், விற்றவர் பெருகினார்!

தம்பி!

துடைப்பம் ஏந்திய கை ஒன்றை உனக்குக் காட்டுகிறேன். நியூயார்க் நகரை ஒட்டிய லாங் தீவிலே, 1960-களில், பிறர் வீட்டைப் பெருக்கித் துடைத்த கை அது. பள்ளிப் பிள்ளைகளின் பேருந்தை ஓட்டியதும் அதே கைதான். வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள். அவர்கள் பசியாற வேண்டுமே!

யார் அந்தப் பெண்? பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கறுப்பின மக்கள் வாழும் தெருவெல்லாம் யார் குரலுக்காகக் காத்துக் கிடந்ததோ, அவர்! யார் பாட்டை விற்றுக் கம்பெனி ஒன்று மாளிகையாக எழுந்ததோ, அவர்! ரூத் பிரவுன் அம்மையார்!

1928 சனவரி 12-ல், வர்ஜீனியா மாநிலத்துப் போர்ட்ஸ்மத் துறைமுக ஊரில் பிறந்தவர். தந்தை மூட்டை சுமக்கும் துறைமுகத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடற்குழுவை நடத்துபவர். ஏழு குழந்தைகளில் மூத்தவர் ரூத். கோடை விடுமுறை வந்தால் பாட்டியின் பண்ணையிலே பருத்தி பறிக்க வேண்டும். கோயிற்பாட்டு தவிர மற்றதெல்லாம் சாத்தானின் பாட்டு என்பார் தந்தை. மகளோ, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படைவீரர்களின் கேளிக்கை அரங்குகளில் பாடினார். 1945-ல் எக்காளம் ஊதும் இளைஞர் ஒருவரோடு வீட்டை விட்டே வெளியேறினார்.

பின்பு ஒரு பெரிய இசைக்குழுவிலே இடம் கிடைத்தது. கிடைத்த வேகத்தில் பறிபோனது. வாசிங்டன் நகரில் வேலையில்லாமல் கையில் காசின்றி நின்றவருக்குப் பாட வாய்ப்பளித்தார் பிளாஞ்ச் காலோவே என்ற பாடகி. அப்போதுதான் அட்லாண்டிக் என்ற புதுக் கம்பெனியின் கண்ணில் பட்டார். துருக்கித் தூதரின் மகன் அகமது எர்டிகனும், எர்ப் ஆப்ராம்சனும் 1947-ல் தொடங்கிய கம்பெனி அது.

1948-ல், நியூயார்க் நோக்கிப் போகும் வழியில் கார் விபத்து! கால்கள் நொறுங்கின. மருத்துவமனைக் கட்டிலிலே மாதக்கணக்கில் கிடந்தார். 21-வது பிறந்த நாளும் அங்கேதான் வந்தது; அட்லாண்டிக்குடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அங்கேதான். 1949-ல் ஊன்றுகோலுடன் வந்து பாடிய 'சோ லாங்' வெற்றி பெற்றது. 1950-ல் வந்த 'டியர்டிராப்ஸ் பிரம் மை ஐஸ்' பதினொரு வாரம் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. அந்தப் பத்தாண்டில் முதலிடம் பிடித்த பாட்டுகள் மட்டும் ஐந்து! உச்சத்திலே சட்டென்று உடைந்து கீச்சிடும் அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். அட்லாண்டிக் கம்பெனிக்கு 'ரூத் கட்டிய வீடு' என்றே பெயர் வந்துவிட்டது.

வீடு கட்டியவர் ரூத். குடியிருந்தவர் யார்?

அந்தப் பாட்டு எந்த நாட்டில் ஒலித்தது என்பதையும் எண்ணிப் பார். கறுப்பினத்தாரின் இசைத்தட்டுப் பட்டியலுக்குப் 'பில்போர்டு' இதழ் 1949 வரை இட்டிருந்த பெயர் 'இனத் தட்டுகள்'! அந்த ஆண்டு அதை 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்று, பிரிவினை மாறிற்றா? தெற்கு மாநிலங்களின் நடன அரங்குகளில் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் வெள்ளையர், அந்தப் பக்கம் கறுப்பர். பாட்டு மட்டும் கயிற்றைத் தாண்டும். பாடியவருக்கோ அந்த ஊர் ஓட்டலிலே அறை கிடையாது.

ரூத் பாடி வெற்றி கண்ட பாட்டை உடனே வெள்ளைப் பாடகியர் எடுத்துப் பாடினர். 1954-ல் 'ஓ வாட் எ டிரீம்' பாட்டைப் பாட்டி பேஜும், 'மாம்போ பேபி' பாட்டை ஜார்ஜியா கிப்சும் பாடினர். பாட்டெழுதியவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பாட்டுக்கு முதலில் உயிர் கொடுத்த குரலுக்கு ஒரு காசும் இல்லை.

இனி, கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். தட்டு விற்றால் பாடகருக்குச் சிறு விழுக்காடு ராயல்டி. ஆனால் ஒலிப்பதிவுக்கூட வாடகை, வாத்தியக்காரர் கூலி எல்லாம் அந்தச் சிறு பங்கிலேதான் கழிக்கப்படும்! தறி வாடகையையும் விளக்கெண்ணெய்ச் செலவையும் நெசவாளியின் கூலியிலே பிடித்துக்கொண்டு, துணியை முதலாளி விற்றுக்கொள்வதைப் போல! தட்டு விற்க விற்க, ஏட்டிலே பாடகர் கடனாளி. எவ்வளவு விற்றது என்று கேட்டால், கணக்கு கம்பெனியின் பெட்டிக்குள்.

1960-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கை விட்டு விலகினார். இசையின் போக்கு மாறிற்று. துடைப்பம் கைக்கு வந்தது.

ஆனால், தம்பி, கதை அங்கே முடியவில்லை. 1970-களின் நடுவில் மேடைக்குத் திரும்பினார். 1980-களில், அவர் பாட்டின் மீது பற்றுக்கொண்ட அவல் பெகிள் என்ற வழக்கறிஞர் துணைக்கு வந்தார். "என் கணக்கு எங்கே?" என்று கேட்டார் ரூத். அமெரிக்கக் காங்கிரசின் குழு முன்னாலும் நின்று கேட்டார். கம்பெனி பெரிது, கேட்டவர் ஒரு பெண். ஆனாலும் கேள்வி நியாயமானது, அதனாலே நின்றது!

1988-ல் அட்லாண்டிக் இறங்கி வந்தது. ரூத்துக்கு மட்டுமா? அவரோடு அந்தக் காலத்துக் கலைஞர் 35 பேரின் பெயரில் எழுதிவைத்த 'கடன்' தள்ளுபடி! 20 ஆண்டு ராயல்டி பாக்கி பட்டுவாடா! முதிய கலைஞர்களைக் காக்க 'ரிதம் அண்டு புளூஸ் அறக்கட்டளை' தோன்ற, ஏறத்தாழ 20 இலட்சம் டாலரும் கம்பெனி கொடுத்தது. 1989-ல் 'பிளாக் அண்டு புளூ' நாடகத்துக்காக டோனி விருது பெற்றார் ரூத். 2006 நவம்பர் 17-ல், 78-ம் வயதில் மறைந்தார்.

விருதைவிட அந்த 35 பேரின் கணக்கே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தனக்காகத் தொடங்கிய கேள்வி தன்னைப் போன்றார் அனைவருக்கும் விடை வாங்கித் தந்ததே, அதல்லவா வெற்றி!

உழைப்பவன் கையிலே கூலியைக் கொடுத்துவிட்டுக் கணக்கை மறைப்பவன் எந்த நாட்டிலும் உண்டு. கணக்கைக் கேட்பவன்தான் அரிது. பாட்டுக்காரி ஒருத்தி கேட்டார், காலம் கடந்து கேட்டார், கேட்டுப் பெற்றார்.

நீயும் கேள், தம்பி! காலம் கடக்குமுன் கேள்!