எதிர்ச் சுற்றில் வெளிவரும் போல்ட்

முறிந்துபோன போல்ட்டைக் கழற்றப் போய் எஞ்சினையே பாழாக்குபவர்கள் பலர். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் அந்தச் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் எல்லாச் சமயங்களிலும் அல்ல.

பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றும்போது எஞ்சின் ஹெட்டில் உள்ள ஸ்டட் முறிவது ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன விபத்து. ஸ்பானருக்கு எட்டும்படி வெளியே எதுவும் மிஞ்சாது. எஃகுத் துண்டு அலுமினியத்துக்குள் புதைந்து கிடக்கும். அதை ஒழுங்காக எடுத்தால் புதிய ஸ்டட்டின் விலையோடு போயிற்று. டிரில் கொஞ்சம் சறுக்கி அலுமினியத்தைத் தின்றுவிட்டால் லேத் பட்டறைக்கு நடையாய் நடக்க வேண்டும்; சில சமயம் ஹெட்டையே மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, கையில் இருக்கும் சாதாரண பிட்டைப் போட்டுத் துளைப்பது. அது வலப்பக்கம் சுற்றுகிறது. போல்ட்டின் மரையும் வலப்பக்கம் திருகினால்தான் இறுகும். ஆகவே பிட் இரும்பைக் கவ்வும் ஒவ்வொரு தடவையும் துண்டை மேலும் உள்ளே முறுக்குகிறது. இடக்கை பிட்டில் எல்லாமே தலைகீழ். டிரில்லை ரிவர்ஸில் ஓட்டினால்தான் அது வெட்டும். வெட்டும் விசை, சூடு, அதிர்வு மூன்றும் துண்டைக் கழற்றும் திசையிலேயே வேலை செய்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் துளை பாதி ஆழம் போவதற்குள் துண்டு பிட்டோடு சேர்ந்து சுழன்று வெளியே வந்துவிடும்.

அமெரிக்கரான ஸ்டீஃபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்ற முறுக்கு டிரில்தான் இன்றைய பிட்களின் மூதாதை. அதன் இடக்கை வடிவம் வீட்டுப் பட்டறைகளுக்காகப் பிறந்ததல்ல. ஆட்டோமேட்டிக் லேத்துகளிலும், ஒரே சமயத்தில் பல துளைகள் போடும் இயந்திரங்களிலும் சில சுழல்தண்டுகள் எதிர்த் திசையில் சுற்றும். அவற்றுக்காகத் தயாரானதை ரிப்பேர்க்காரர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள்.

பெயரால் வரும் குழப்பங்கள் வேறு. இது இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கானது அல்ல. சைக்கிளின் இடது பெடல், டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடிக்கும் மூடி போன்ற இடது மரை உருப்படிகளுக்கானதும் அல்ல. அங்கே முறிந்தால் சாதாரண பிட்தான் சரியான மருந்து.

தெருமுனை ஹார்ட்வேர் கடையில் இது அநேகமாகக் கிடைக்காது. மும்பை நாக்தேவி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற தொழிற்கருவிச் சந்தைகளில் கேட்டுப் பார்க்கலாம், இணையத்திலும் வரவழைக்கலாம். வாங்கும்போது சாதாரண பிட் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். சாதாரண பிட்டின் பள்ளங்கள் இடமிருந்து வலமாக ஏறும். இதில் வலமிருந்து இடமாக ஏறும். பளபளக்கும் பெட்டியில் வரும் பெரிய செட் தேவையில்லை. 3, 5, 6.5 மில்லிமீட்டர் என்று மூன்று பிட்கள் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கும். நீளம் குறைந்தவை வளையாது, நல்லது. ஹைஸ்பீட் ஸ்டீல் போதும். காசு இருந்தால் 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 ரகம் உத்தமம். நுனிக் கோணம் 135 டிகிரியாக, பிளவு முனையோடு இருந்தால் வழுக்காது.

அதைவிட முக்கியம் டிரில் இயந்திரம். விலை குறைந்த பல டிரில்களில் ரிவர்ஸ் வசதியே கிடையாது. வேகத்தைக் குறைக்கும் வசதியும் வேண்டும்.

வேலையில் அவசரம் ஆகாது. முறிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் அடிக்க வேண்டும். முழு வேலையும் அந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே ஊற்றி வைக்கலாம். எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகு ஹெட்டைச் சூடாக்குவதும் உதவும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும். 8 மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் 3இல் ஆரம்பித்து 5, பிறகு 6.5. மெதுவான வேகம், உறுதியான அழுத்தம், இரண்டு சொட்டு எண்ணெய், கண்ணுக்குக் கண்ணாடி. வழக்கமாக வலப்புறம் உதைக்கும் கைப்பிடி இதில் இடப்புறம் உதைக்கும். மணிக்கட்டு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

எப்போது பலிக்கும் என்பதை முறிந்த காரணமே சொல்லிவிடும். அளவு மீறி இறுக்கியதால் தலை போன போல்ட்டில், முறிந்தவுடன் இழுவிசை விட்டுப்போகிறது. மீதித் துண்டு சுலபமாக வரும். துருவேறி இறுகியதைக் கழற்றும்போது முறிந்தது என்றால் கதை வேறு. ஸ்பானரின் பலத்துக்கே அசையாதது 5 மில்லிமீட்டர் பிட்டுக்கு அசைவது அபூர்வம். அப்போதும் நஷ்டம் இல்லை. போட்ட துளையில் ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரை இறக்கலாம். ஆனால் எக்ஸ்ட்ராக்டரை முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது. கடினமாக்கப்பட்ட அந்த எஃகு உள்ளே முறிந்தால் சாதாரண பிட் எதுவும் அதைத் தொட முடியாது. அதுவும் அசையவில்லை என்றால் 8 மில்லிமீட்டர் மரைக்கு உரிய 6.8 பிட் வரை அகட்டி, மிஞ்சும் மரைச் சுருளை ஊசியால் நெம்பி எடுத்து, டேப் ஓட்டிச் சுத்தம் செய்வதே வழி. துளை நடுவில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

வாங்கியதை மற்ற பிட்களோடு கலக்காமல், சிவப்பு பெயின்ட் ஒரு தீற்று தீற்றித் தனி டப்பாவில் வைப்பது நல்லது. மறந்துபோய் அதை வலப்பக்கம் சுற்றினால் வெட்டாது. வெறுமனே உரசிச் சூடேறி, சில நொடிகளில் நுனி நீலம் பாரித்துவிடும்.