பொது ஸ்கேனருக்குக் கார் எதுவரை பதில் சொல்லும்?

இன்று இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோல், டீசல் கார்களில், ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே, ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. ஓபிடி எனப்படும் இந்த ஏற்பாடு காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டத்தால் பிறந்தது. புகைமூட்டத்தால் திணறிய கலிபோர்னியா மாநிலம், புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகள் பழுதானால் காரே அதைக் கண்டறிந்து விளக்கெரித்துச் சொல்ல வேண்டும் என்று 1988 முதல் விதித்தது. 1996 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்கா முழுவதும் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவச் சாக்கெட்டையும் ஒரே குறியீட்டு முறையையும் பின்பற்றின. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு இது 2010 ஏப்ரலிலும், விரிந்த வடிவில் 2013 ஏப்ரலிலும் வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், திண்டுக்கல்லில் பழனி சாலையிலோ நத்தம் சாலையிலோ உள்ள சிறு பட்டறைக்குள் நுழையும் புதிய கார் ஒவ்வொன்றும், செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால், ஸ்கேனர் இல்லாமல் தொட முடியாத வண்டியாகிவிட்டது.

சில நூறு ரூபாய் புளூடூத் கருவியானாலும் பல ஆயிரம் ரூபாய் கைக்கருவியானாலும், எந்த நிறுவனக் காருக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட ஸ்கேனர் இந்தச் சாக்கெட்டில் தேடுவது சில முனைகளையே. 16ஆம் முனையில் பேட்டரியின் 12 வோல்ட்டும், 4, 5ஆம் முனைகளில் எர்த்தும் வருகின்றன. 6ஆம் முனையும் 14ஆம் முனையும் கேன் எனப்படும் செய்தித்தடத்தின் இரு கம்பிகள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட இந்த முறையில், எஞ்சின், பிரேக், ஏர்பேக் முதலிய பகுதிகளின் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒரே இணைக் கம்பியில் முறைவைத்துப் பேசிக்கொள்கின்றன. பழைய கார்களில் 7ஆம் முனை வழியாக இதைவிட மெதுவான வேறொரு மொழி ஓடும்.

இணைத்ததும் ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை என்றால் கருவியைக் குறைசொல்லுமுன் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பல கார்களில் 16ஆம் முனைக்கும், செல்பேசிக்கு மின்னேற்றும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். விளக்கு எரிந்தும் கார் பதில் தரவில்லை என்றால், சாவி ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, மல்டிமீட்டரால் 6க்கும் 14க்கும் இடையே அளந்து பார்க்கலாம். தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் தடத்தில் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சாக்கெட்டுக்குப் பின்னால் இடைக்கணினி வைத்திருக்கும் கார்களுக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாமல் போகலாம்.

இணைப்பு கிடைத்ததும் திரையில் வரும் ஐந்தெழுத்துக் குறியீட்டைப் பழுதான பாகத்தின் பெயராக வாசிப்பதுதான் பட்டறைகளில் அதிகப் பணத்தை வீணாக்கும் தவறு. பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொண்டால், எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுந்தும் எரிபொருள் குறைந்தும் இருக்கிறது என்பதே அதன் பொருள். புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து சொன்னதாலேயே குறியீடு பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுவந்த சென்சாரையே சிலர் மாற்றிவிடுகிறார்கள். வெடித்த வேக்குவம் ஹோஸ், தூசி படிந்த காற்றளவு சென்சார், அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்ப் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். எதுவென்று பிரித்தறிய அதே ஸ்கேனரின் நேரடித் தரவு உதவுகிறது. எஞ்சின் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும் திருத்த அளவு, ஐடிலிங்கில் மிகுந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளுக்கு ஏற்றும்போது இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவைத் தேடலாம்; வேகமும் சுமையும் ஏற ஏற அதுவும் கூடினால் எரிபொருள் வரத்தையோ காற்றளவு சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். குறியீட்டைவிட இந்த ஓடும் எண்களே மெக்கானிக்கின் அறிவுக்குத் தீனி.

திண்டுக்கல்லின் நிலவமைப்பு இந்த எண்களுக்குத் தனிப் பயனைத் தருகிறது. சமவெளியில் சுமார் 270 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊரிலிருந்து, வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறும் வாடகைக் கார் 2,100 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலை அடையும்போது, காற்றழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கலிலிருந்து 78 அளவுக்கு இறங்கிவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழப்பதால், மேலே “பிக்கப் இல்லை” என்று ஓட்டுநர் சொல்லும் குறை பழுதாக இல்லாமலும் இருக்கலாம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ செய்து, உள்ளிழு குழாயின் அழுத்த சென்சார் காட்டும் எண்ணைப் படித்தால் ஐயம் தெளியும். ஊரில் 98ஐ ஒட்டியும் மலையில் 78ஐ ஒட்டியும் காட்டினால் அந்த சென்சார் நலமே. குறியீடு பதிவான நொடியில் வேகம், வெப்பம், சுமை முதலியவை என்னவாக இருந்தன என்பதையும் கணினி சேமித்து வைப்பதால், பழுது மலை ஏற்றத்தில் தலைகாட்டியதா, ஊருக்குள் நின்ற இடத்திலா என்பதையும் கீழிருந்தே அறியலாம்.

இவ்வளவு மதிப்புள்ள பதிவைப் படித்து எழுதிக்கொள்ளாமல் அழித்துவிடுவது பெரும் இழப்பு. குறியீட்டை அழிக்கும் கட்டளை அந்த நொடியின் பதிவையும், தானாகச் சோதித்து முடித்த முடிவுகளையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. பழைய கார் வாங்குவோருக்கு இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: குறியீடு எதுவும் இல்லை என்று காட்டும் வண்டியில் சோதனைகள் பலவும் ‘முடியவில்லை’ என்றிருந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம்.

பொது ஸ்கேனருக்குச் சட்டம் திறந்துவைத்திருப்பது புகை தொடர்பான பகுதியை மட்டுமே. ஏர்பேக், ஏபிஎஸ், சாவிப் பதிவு முதலியவை அந்தந்த நிறுவனத்தின் தனிமொழியில் பேசுகின்றன. ஆய்வாளர்கள் இருவர் 2015இல் ஓடும் ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்தே இணையவழி கட்டுப்படுத்திக் காட்டி, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டபின், அதைத் தயாரித்த நிறுவனம் 2018 மாடல்கள் முதல் சாக்கெட்டுக்குப் பின்னால் காவல் கணினி ஒன்றை வைத்தது. அனுமதி பெறாத ஸ்கேனர் அதைக் கடந்து படிக்கலாம், கட்டளையிட முடியாது. பாதுகாப்புக் காரணம் உண்மையானது. ஆயினும் அதன் சுமை சிறு பட்டறையின் தலையில் விழுவதையும் மறைக்கக் கூடாது.

சிறு பட்டறைகளின் இந்தச் சிக்கல் இந்தியாவில் ஏற்கெனவே வழக்காகியிருக்கிறது. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அவற்றைத் திறந்துவிடவும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவாக இடம்பெற்றன.

இந்த உரிமை பட்டறையில் எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களின் புகைக்கரி வடிகட்டியே போதிய சான்று. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது சூடேறிக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் இவ்வடிகட்டி, பேருந்து நிலையத்துக்கும் கடைவீதிக்கும் குறுந்தூரமே ஓடும் காரில் அடைத்துக்கொள்கிறது. அடைப்பைப் பொது ஸ்கேனர் குறியீடாகக் காட்டிவிடும். நிறுத்திய இடத்திலேயே எரிக்கச் சொல்லும் கட்டளை பெரும்பாலும் நிறுவனத்தின் தனிமொழியில் இருப்பதால், நோயைக் கண்டறிந்த உள்ளூர் மெக்கானிக், வண்டியை நிறுவன சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவைக்க வேண்டியவராகிறார்.